ஏன் என்பதற்கு ஷெட்டில் சைகை இல்லை

என் மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. இதைச் சொன்னதும் 'அச்சச்சோ' என்று உச்சுக்கொட்டுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது.

நான் சேவூரிலிருந்து தினமும் அவிநாசிக்குப் போய் ஒரு நிட்டிங் ஷெட்டில் மிஷின் ஓட்டுகிறேன். மேலே நூல் போய்க் கீழே துணியாக இறங்குகிற வட்ட மிஷின்கள். எல்லாம் சேர்ந்து ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. அதனால் ஷெட்டில் கையால்தான் பேசுவோம். இரண்டு விரலைச் சேர்த்துப் பிரித்தால் நூல் அறுந்துவிட்டது என்று அர்த்தம். உள்ளங்கையைக் கவிழ்த்து அமுக்கினால் மிஷின் நின்றுவிட்டது. மதுரைக்காரருக்கும் பீகார்க்காரருக்கும் அங்கே ஒரே பாஷைதான். அந்த நாலைந்து சைகைகளை வைத்துத்தான் மகளை வளர்த்தேன். வா, போ, சாப்பிடு, நிறுத்து. அதற்கு மேல் எங்களுக்குள் பேச்சில்லை.

டீச்சர் வந்த பிறகுதான் மகள் பேசினாள். காது கேட்காத பிள்ளைகளுக்காக மத்திய அரசுப் பணத்தில் அவிநாசியில் ஒரு மையம் நடந்தது. அங்கே சைகை மொழி சொல்லிக்கொடுத்த டீச்சர், பள்ளிக்கூடத்துக்கும் வந்து மகள் பக்கத்தில் உட்கார்ந்து பாடத்தைக் கையாலேயே சொல்வார். ஒரே வருஷத்தில் நேற்று, நாளை எல்லாம் வந்துவிட்டன. பொய்கூடச் சொன்னாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் கேசரி கிண்டினோம்.

பிறகு 'ஏன்' வந்தது. உள்ளங்கையைத் திருப்பிப் புருவத்தை உயர்த்துவாள். நிலா ஏன் கூடவே வருகிறது, அம்மா ஏன் அழுதாள், பக்கத்து வீட்டு நாய் ஏன் நொண்டுகிறது. தொல்லை தாங்க முடியாது. எங்கள் ஷெட்டில் அதற்குச் சைகையே கிடையாது. அங்கே யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

எனக்கு ஷிப்ட் இல்லாத ஒருநாள் மதியம் டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"பாப்பா ஸ்கூல்ல இருக்கற நேரமாப் பாத்து வந்தேனுங்கண்ணா. அவகிட்டச் சொல்ல எனக்குத் தெம்பில்லீங்க" என்றார். "டில்லியில இதப் பாக்கற கல்வி ஆபீஸையே சுருக்கிட்டாங்களாமுங்க. பாதிப் பேர ஊட்டுக்கு அனுப்பிட்டாங்க. எங்க மையத்துக்கு உத்தரவு போட அங்க ஆளில்லீங்க. இந்த மாசத்தோட எனக்கும் வேல இல்லீங்க."

என் மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் கலங்கவில்லை. எங்கள் தொழிலில் ஆளைக் குறைப்பது புதிதா என்ன? ஆர்டர் குறைந்தால் நிறுத்துவார்கள், சீசன் வந்ததும் போன் போட்டுக் கூப்பிடுவார்கள். நானே அப்படி நின்று மறுபடி போனவன். அரசாங்கமும் அப்படித்தான் என்று நினைத்தேன்.

"சீசன் வந்தாக் கூப்புடுவாங்க, டீச்சர். மனச உட்டறாதீங்க" என்று அவருக்கே ஆறுதல் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கிளம்பினார்.

சாயந்திரம் மகள் கேட்டாள், டீச்சர் ஏன் வரவில்லை என்று. டில்லியை நான் எந்த விரலால் காட்டுவது? உள்ளங்கையைக் கவிழ்த்து அமுக்கினேன். மிஷின் நின்றுவிட்டது. அவள் தலையாட்டினாள். நின்ற மிஷின் திரும்ப ஓடும் என்று அவளுக்கும் தெரியும்.

ஓடவில்லை. வகுப்பில் அவள் கரும்பலகையைப் பார்த்து முத்துமுத்தாக எழுதி வந்தாள், ஒரு வரிகூடப் புரியாமல். என்னிடம் கேள்வி கேட்டாள். எனக்கு அவள் கேள்வி மட்டும்தான் புரிந்தது, பதில் சொல்லக் கையில் வார்த்தை இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்பதையே விட்டுவிட்டாள். அந்தத் தொல்லைக்காக நான் ஏங்கிப்போனேன்.

பொறுக்க முடியாமல் ஒருநாள் மையத்துக்குப் போனேன். அறையில் உடைந்த பெஞ்சுகளைப் போட்டுப் பூட்டியிருந்தார்கள். பக்கத்து அலுவலகத்தில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "டில்லிக்கு எழுதிப் போடுங்க" என்றார்.

"டில்லியில யாருக்குங்க?"

"அதானுங்களே, அங்கதான் இப்ப யாருமில்லையே" என்றார். அவர் சிரித்தார். எனக்கு அவர் மேஜையைக் கவிழ்த்துவிடலாம் போல இருந்தது. கும்பிட்டுவிட்டு வந்தேன்.

ஆயுத பூஜைக்கு ஷெட்டில் எல்லோரும் குடும்பத்தோடு வருவது வழக்கம். மிஷினைத் துடைத்துப் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டி, சாஸ்திரத்துக்குக் கொஞ்ச நேரம் ஓட்டுவோம். அன்றும் ஓட்டினோம். பிள்ளைகள் பொரி தின்றபடி வேடிக்கை பார்த்தார்கள். திடீரென்று கோடியில் ஒரு மிஷின் நின்று, நூல் அறுந்தால் எரிகிற சிவப்பு விளக்கு எரிந்தது. நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. மகள்தான் பார்த்தாள். அத்தனை பேருக்கும் நடுவில் நின்று, கையை உயரத் தூக்கி, இரண்டு விரலைச் சேர்த்துப் பிரித்தாள். நூல் அறுந்துவிட்டது.

பீகார்ப் பையன் ஓடிப்போய் முடிச்சுப் போட்டான். ஷெட்டே கைதட்டியது. முதலாளி அவள் தலையைத் தடவினார்.

"லைட்டப் பாக்கறதுக்குக் காது எதுக்குங்க? இன்னுங் கொஞ்சம் பெருசாகட்டும், நேரா இங்க அனுப்பிப்போடுங்க. தங்கமாப் பாத்துக்கறோம்" என்றார். நல்ல மனுஷன், மனதாரத்தான் சொன்னார். மகள் முகத்தைப் பார்த்தேன். அவள் சொன்னது ஒரு கூட்டத்துக்கே புரிந்தது அதுதான் முதல் தடவை. அப்படி ஒரு சந்தோஷம் அந்த முகத்தில். நான் அவள் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். டீச்சர் கற்றுக்கொடுத்த சைகையில் 'நாளை' என்றாள். பிறகு தன்னைக் காட்டி, ஷெட் இருக்கும் திசையைக் காட்டினாள். பள்ளிக்கூடம் வேண்டாம் என்று தலையாட்டினாள்.

நான் உள்ளங்கையைத் திருப்பிப் புருவத்தை உயர்த்தினேன். ஏன்?

டீச்சர் ஏன் வரவில்லை என்று கேட்டபோது நான் செய்ததுபோலவே, அவள் உள்ளங்கையைக் கவிழ்த்து அமுக்கினாள்.