நெல்லி மரத்தடிப் புல்

பொன்முடி மலைக்குப் போகும் வழியில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கு மேலே ஒரு புல்மேடு இருக்கிறது. இடுப்பளவு புல். நடுநடுவே தனித்தனியாக நிற்கும் நெல்லி மரங்கள். மர நிழலில் புல் கூடுமா, குறையுமா என்று பார்க்கத்தான் நான் அங்கே போய்வந்தேன். கீழே நகரத்தில், ஸ்ரீவராகத்தில் வீடு; கல்லூரியில் தாவரவியல் ஆசிரியை வேலை. விடுமுறை கிடைத்தால் முதல் பஸ்ஸில் மலையேறிவிடுவேன்.

மரத்தடியிலும் வெட்டவெளியிலும் முளைக்குச்சி அடித்து, நீலக் கயிறு கட்டிச் சதுரம் போடுவேன். அதற்குள் வளர்ந்த புல்லை அறுத்துவந்து மொட்டை மாடியில் காயவைத்து நிறுப்பேன். நிழல் விழுந்தால் புல் மெலியும் என்றே நினைத்திருந்தேன். ஆனால் மரத்தடிப் புல்தான் கனத்தது. தராசைச் சந்தேகித்து வேறொன்றில் வைத்துப் பார்த்தேன். அதிலும் அப்படியே. அதற்குப் பிறகு ஆட்களைச் சந்தேகிக்க ஆரம்பித்தேன்.

அடுத்த முறை போனபோது மரத்தடியில் புல் படுத்துக் கிடந்தது. புழுக்கையும் கிடந்தது. யாரோ ஆடு கட்டுகிறார்கள், எரு விழுந்து புல் செழிக்கிறது என்று முடிவு கட்டினேன். லைனின் கடைசி வீட்டில், தேயிலை கிள்ளும் பெண் ஒருத்தி ஆடு வளர்த்தாள். மலையாளம் கலந்த தமிழ் அவளுடையது.

"அக்கா, ஆட்டை மேலே மரத்தடியிலயா கட்டறீங்க?"

"அங்கயோ? புலி கொண்டு போகும் டீச்சரே. எங்க ஆடு லைனை விட்டு ஏறாது."

என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். நான் நம்பவில்லை.

மறுமுறை போனால் முளையும் இல்லை, கயிறும் இல்லை. நேரே அவள் வீட்டுக்கு இறங்கினேன். வாசலில் என் நீலக் கயிற்றில் அவள் சேலை காய்ந்துகொண்டிருந்தது.

"ஆமா, நான்தான் பிடுங்கினேன்" என்றாள், கொஞ்சமும் தயங்காமல். "இன்னிக்குக் கயிறு கட்டுவீங்க. நாளைக்கு எல்லைக்கல்லு நடுவாங்க. பிறகு ஃபாரஸ்ட்டு இடம்னு எங்களை எறக்கி விடுவாங்க. அல்லே?"

"நான் புல்லை அளக்கத்தான் வர்றேன், அக்கா."

"புல்லை ஆராவது அளப்பாங்களா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்க ஆடு ஏறலைன்னா, வேற எது ஏறுதுன்னு என்கூட வந்து காட்டுங்க" என்றேன். அவளும் விடவில்லை, ஆட்டைக் கட்டிப்போட்டுவிட்டுக் கூடவே வந்தாள்.

பாறை மறைவில் உட்கார்ந்தோம். மரத்தைப் பார்த்ததைவிட நாங்கள் ஒருவரையொருவர் பார்த்ததுதான் அதிகம். என் பையில் என்ன இருக்கிறது என்று அவள் கண் திரும்பத் திரும்பத் துழாவியது. பனிமஞ்சு விலகி வெயில் ஏறியபோது ஒரு பெண் மிளா மான் குட்டியோடு வந்தது. உதிர்ந்த நெல்லிக்காயைப் பொறுக்கித் தின்றது. நிழலில் படுத்து வெகுநேரம் அசைபோட்டது. எழுந்ததும் புழுக்கை போட்டுவிட்டு நகர்ந்தது.

"எண்ட ஆடா அது?" என்று அவள் காதருகே கேட்டாள். நான் நோட்டை எடுத்து மிளா என்று எழுதினேன்.

அப்போதும் ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. செழிப்பு முழுக்க மிளாவின் எருவால்தானா? மரம் ஒன்றுமே செய்யவில்லையா? சில மரங்களைச் சுற்றி முள்ளடைத்து மிளா நுழையாமல் செய்தேன். முள் வெட்ட அவளும் வந்தாள். உதவிக்கு அல்ல, கல் ஏதாவது நடுகிறேனா என்று பார்க்க. அதை அவளே சொன்னாள்.

மழைக்காலம் முடிந்து அறுத்தேன். முள்ளடைத்த மரத்தடியில் புல் முன்னைவிடக் குறைந்திருந்தது. ஆனாலும் வெட்டவெளிப் புல்லைவிடக் கனமாகத்தான் இருந்தது. இலை உதிர்ந்து மக்கிய மண், நிழலில் தங்கிய ஈரம் எல்லாம் மரம் தந்ததாகத்தான் இருக்க வேண்டும். மேட்டின் மறுபுறம் மரங்கள் நெருங்கி நின்ற இடத்தில் மட்டும், நான் முதலில் நினைத்தபடி, புல் நோஞ்சானாகக் கிடந்தது.

அடுத்த முறை மேட்டில் வைத்து இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். கவனமாகக் கேட்டாள்.

"இதை எழுதி ஆருகிட்ட கொடுப்பீங்க?"

"காலேஜில கொடுப்பேன்."

"காலேஜ் ஆருகிட்ட கொடுக்கும்? ஃபாரஸ்ட்டுக்கா?"

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். அவள் அரிவாளை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் இறங்கிப் போனாள்.