நாலாம் நம்பர் கம்பு

மரச்சீனிக் காய் வெடிக்கும் சத்தத்தை அதிகம் பேர் கேட்டிருக்க மாட்டார்கள். பனிக்காலத்து நண்பகல் வெயிலில், விரல் நகத்தால் காகிதத்தைச் சுண்டினாற்போல் ‘டப்’பென்று ஒரு சத்தம், உடனே, காயைச் சுற்றிக் கட்டியிருந்த துணிப்பைக்குள் விதைகள் சிதறி விழும். எனக்குப் பத்து வயதாக இருந்தபோது வங்காளத்துச் சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுப் பின்புறத்தில் அந்தச் சத்தம் கேட்டால் போதும், அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு அம்மா ஓடிவருவாள்.

மற்ற ஊர்க்காரர்கள் மரவள்ளி என்றும் குச்சிக்கிழங்கு என்றும் சொல்வதை நாகர்கோவில்காரர்களான நாங்கள் ‘மரச்சீனி’ என்போம். இலை இலவமரத்து இலையைப் போல் இருப்பதால் வங்காளிகளுக்கு அது ‘சிமுல் ஆலு’. அப்பாவுக்கு இங்கே வேலையானபோது அம்மா பிறந்த வீட்டுக் கம்புகளைச் சாக்கில் சுற்றி மெட்ராஸ் மெயிலில் கொண்டுவந்து நட்டாள். அவை நன்றாகத்தான் தளிர்த்தன. ஆனால் ஒவ்வொரு மழைக்காலத்திலும் தோட்டத்தில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்று கிழங்கெல்லாம் அழுகிப்போக, குழாயடி மேட்டில் இருந்த ஒன்றிரண்டு செடிகள் மட்டும் தப்பும். அதே சமயம் தண்டவாள ஓரத்தில் வேலியாக நின்ற சிமுல் ஆலு வாரக்கணக்கில் தண்ணீரில் நின்றும் வாடாது. ஆனால் அதன் கிழங்கு வாயில் வைக்க முடியாத கசப்பு, நார் வேறு. எங்கள் ஊர் ருசியையும் இந்த ஊர்ப் பிடிவாதத்தையும் ஒரே செடியில் கொண்டுவர முடியாதா என்ற கேள்வி எப்போது அம்மாவுக்குள் புகுந்தது என்று எனக்குத் தெரியாது. அப்பா காலேஜ் ஸ்ட்ரீட்டில் வாங்கி வந்த பழைய தாவரவியல் புத்தகம் ஒன்றை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தவள் ஒருநாள் தலையை நிமிர்த்தி, “பூசணிக்கு ஆண்பூ பெண்பூ உண்டும்னா மரச்சீனிக்கு மட்டும் இல்லாமலா போகும்?” என்றாள்.

இருந்தது. ஒரே கொத்தில் அடியில் இருக்கும் பெண்பூக்கள் முதலில் மலரும் என்பதையும், மேலே இருக்கும் ஆண்பூக்கள் விரிவதற்குள் அவற்றின் காலம் முடிந்துவிடும் என்பதையும் அவள் தினமும் மத்தியானம் முக்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தே கண்டுபிடித்தாள். துர்கா பூஜை சமயத்தில், வேலிச் செடியின் ஆண்பூவைப் பறித்து வந்து எங்கள் செடியின் பெண்பூவில் தேய்த்து, வண்டு வேறு மகரந்தத்தைக் கொண்டுவராதபடி அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்துப் பை தைத்துக் கட்டினாள். காக்கிமா என்று, அதாவது சித்தி என்று, நான் அழைத்த பக்கத்து வீட்டு வங்காளிப் பெண்தான் முக்காலியைப் பிடித்துக்கொள்வாள். அம்மாவுக்கு வங்காளம் அரைகுறை, காக்கிமாவுக்குத் தமிழ் அறவே தெரியாது. இருந்தும் மணிக்கணக்கில் பேசுவார்கள். செடிக்குக் கல்யாணம் செய்து வைக்கிறாயே திதி, மாப்பிள்ளை வீட்டு விருந்து எப்போது என்று, அம்மாவை அக்கா முறையில் ‘திதி’ என்றழைக்கும் அவள் கேலி செய்வாள்.

அந்த விதைகளிலிருந்து அடுத்த கோடையில் பதினொரு நாற்றுகள் வந்தன. ஒரே தாய்க்கும் தகப்பனுக்கும் பிறந்தவை, ஆனால் ஒன்றைப்போல் ஒன்று இல்லை. அம்மா டப்பா மூடிகளில் எண் எழுதி ஒவ்வொன்றின் அடியிலும் குத்திவைத்தாள். மழை வந்தது, தண்ணீர் நின்றது, எட்டு செத்தன. தை மாதம் மிச்ச மூன்றையும் பிடுங்கி வேகவைத்தபோது ஒன்று கசந்தது, ஒன்று நாராக இருந்தது. நாலாம் எண் மாவாக உதிர்ந்தது. அம்மா ஒரு துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு மென்றது எனக்கு நினைவிருக்கிறது.

இந்த இடத்தில் வாசகருக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும். மரச்சீனியின் விதை ஒவ்வொன்றும் புதுச் செடி. பிடித்த செடியை அப்படியே மறுபடி பெற வேண்டுமானால் அதன் கம்பைத்தான் நட வேண்டும். ஆகவே நாலாம் எண் இனி உலகத்தில் இருக்கப்போவது அந்த ஒரு செடியின் கம்பில்தான். இலைக்காம்பு செம்பருத்தி நிறத்தில் இருந்த அந்தச் செடியை அம்மா மூன்று நீளக் கம்புகளாக வெட்டி, சிவப்பு நூலால் கட்டி, கோடைமழை வரும்வரை நிழலில் இருக்கட்டும் என்று பின்புறக் கரி அறையில் சாத்தி வைத்தாள். “மக்கா, அந்தக் கம்பத் தொட்டுராத, கேட்டியா? செத்தது மாதிரி இருக்கும். சாகல்ல” என்று என்னிடம் சொன்னாள். காக்கிமா தனக்கு இரண்டு துண்டு கேட்டதற்கு, அடுத்த வருஷம் கட்டாயம் தருகிறேன் என்று சிரித்துக்கொண்டே மறுத்தாள்.

வங்காளத்து ஹோலியான ‘தோல்’ பண்டிகைக்கு முந்தின நாள் சாயங்காலம் பையன்கள் சருகும் சுள்ளியும் குவித்துக் கொளுத்துவதற்கு இங்கே ‘நேடாபோடா’ என்று பெயர். அதை முதன்முதலாகக் கேட்டபோது அம்மா, “யார இவனுவ போடாங்கானுவ?” என்று விழுந்து விழுந்து சிரித்தாளாம். வீட்டுக்கு வீடு விறகு கொடுக்க வேண்டும். ஒருவன் உடைந்த பிரம்பு நாற்காலியே கொண்டுவந்திருந்தான். நான் வெறுங்கையோடு நின்றேன். “இட்லி வீட்டில் ஒரு குச்சிக்குக்கூடப் பஞ்சமா?” என்று ஒருவன் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். நான் ஓடிப்போய்க் கரி அறையிலிருந்த அந்தக் கம்புக் கட்டை எடுத்துவந்தேன். தெரியாமல் எடுத்தேன் என்று இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன், பயனில்லை. சிவப்பு நூலைப் பார்த்தேன். தெரிந்தேதான் எடுத்தேன். கம்பு சீக்கிரம் எரியவில்லை. வெட்டுவாயில் பால் கசிந்து, நுரைத்து, சீறிற்று. பையன்கள் கைதட்டினார்கள்.

இரண்டு நாள் கழித்து அம்மா கரி அறையிலிருந்து வெளியே வந்து, “காக்கிமா வந்தாளா மக்கா?” என்று கேட்டாள்.

“ஆமா. வாளி எடுக்க வந்தா.”

அது பொய்யில்லை. பண்டிகைக்கு முந்தின நாள் மத்தியானம் காக்கிமா எங்கள் கரி வாளியை இரவல் எடுத்துப்போனது உண்மை. அவ்வளவுதான் சொன்னேன். அம்மா மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. காக்கிமாவிடமும் கேட்கவில்லை, கேட்பது மரியாதை இல்லை என்று நினைக்கிற மனுஷி அவள். கோடைமழை முடிந்ததும் தினமும் துணி உலர்த்தும் சாக்கில் சுவருக்கு அந்தப்பக்கம் எட்டிப் பார்த்தாள். அங்கே ஒன்றும் முளைக்கவில்லை. காக்கிமா தன் பிறந்த ஊரான மேதினிபூருக்குக் கொடுத்துவிட்டிருப்பாள் என்று தீர்மானித்துக்கொண்டாள். பேச்சு குறைந்தது, பிறகு நின்றது. “எங்கயாவது முளைச்சா சரி” என்று ஒரே ஒருமுறை அப்பாவிடம் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் பை தைக்கவில்லை.

ஒவ்வொரு விடுமுறைக்கும் ஊருக்குப் போகும்போது, ரயில் மேதினிபூர் ஜில்லாவைக் கடக்கும்வரை அம்மா ஜன்னலை விட்டு நகரமாட்டாள். வேலிகளில் செம்பருத்தி நிறக் காம்பைத் தேடினாள். உண்மையைச் சொன்னால் காக்கிமா நிரபராதி ஆவாள், ஆனால் அம்மாவுக்கு அந்தச் செடி செத்துவிடும்; ஆகவே சொல்லாமல் இருப்பதே கருணை என்று வளர்ந்தபின் நான் ஒரு நியாயம் கண்டுபிடித்தேன். படித்தவனுக்கு நியாயம் கண்டுபிடிப்பதா கடினம்? அம்மா போய்ப் பல வருஷங்கள் ஆகின்றன.

இன்று அந்தக் குவார்ட்டர்ஸ் வரிசை இல்லை. அடுக்குமாடிகள் நிற்கின்றன, வேலி இருந்த இடத்தில் கான்கிரீட் சுவர். தண்ணீர் தேங்கும் நிலத்துக்கு ஏற்ற மரவள்ளியை ஆராய்ச்சி நிலையங்களில் இப்படித்தான் பூவோடு பூ சேர்த்துத் தேடுகிறார்களாம். ஆயிரக்கணக்கான நாற்றுகளில் ஒன்று தேறினால் பெரிதாம். அம்மாவுக்குப் பதினொன்றில் ஒன்று கிடைத்தது.

தொண்ணூறு தாண்டிய காக்கிமா கரியாஹாட்டில் மகள் வீட்டில் இருப்பதாகப் போன மாதம்தான் எனக்குத் தெரியவந்தது. போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டு “கோகா, கிழவனாகிவிட்டாயே” என்றாள்; கோகா என்றால் சின்னப் பையன். எல்லாவற்றையும் வங்காளத்தில், தட்டுத் தடுமாறி, ஒன்றையும் விடாமல் சொன்னேன்.

“கடைசியாக உன் அம்மா கிழங்கு கொடுத்த கிண்ணத்தில் நான் தேங்காய் உருண்டை வைத்துத் திருப்பி அனுப்பினேன்” என்றாள். “உங்கள் வீட்டில் மீன் சேர்ப்பதில்லை, கிண்ணத்தில் மீன் வாசனை இருந்துவிட்டது போலிருக்கிறது, அதனால்தான் திதி என்னை வெறுத்துவிட்டாள் என்று நினைத்தேன். நன்றாகக் கழுவியிருக்கலாமே என்று இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.”

பிறகு, அம்மாவிடம் சொன்னாயா என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் என் கையை விட்டுவிட்டாள்.