பர்வீன் அக்காவின் இந்தி

வேலை மதியமே முடிந்துவிட்டது. ரயிலுக்கு இன்னும் நான்கு மணி நேரம். தஞ்சாவூர் எனக்குப் புதிது. சுற்றிப் பார்க்கலாம் என்று கிளம்பியதுமே போன் அணைந்துவிட்டது.

பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு செல்போன் கடை. நடத்துபவர் பர்வீன் அக்கா. என் போனைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, கால் சேறு காயாமல் ஓர் ஆள் ஓடி வந்தார். இந்தியில் படபடவென்று ஏதோ சொன்னார். அக்காவும் இந்தியிலேயே பதில் சொல்லிவிட்டு என்னிடம் திரும்பினார்.

“பீகார்லேந்து நடவுக்கு வந்தவரு. போன் வயல் தண்ணியில விழுந்துருச்சாம். ஊர்ல சம்சாரத்துக்குப் பிரசவ வலி. உங்களுக்கு ரயில் சாயந்தரம்னு சொன்னீங்கல்ல, கொஞ்சம் பொறுங்க.”

அந்த ஆளின் சிம்மைத் துடைத்துத் தன் போனில் போட்டு, வீட்டுக்கு அழைத்துக் கொடுத்தார்.

அந்த மனிதர் இரண்டு வார்த்தை பேசினார். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். நான் பதறிப்போய் அக்காவைப் பார்த்தேன்.

“பயப்படாதீங்க. பொண்ணு பொறந்திருக்கு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்களாம்,” என்றார் அக்கா, அவரிடம் இந்தியில் விசாரித்துவிட்டு.

இந்தி எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன்.

“எங்க படிச்சேன்? வீட்டுக்காரரு பத்து வருஷமா சவூதியில. ரூம்ல எல்லாரும் பீகார்காரங்க. இவரு போன் எடுக்கலன்னா அவங்ககிட்டதான் விசாரிக்கணும். விசாரிச்சு விசாரிச்சு வந்துருச்சுங்க.”

என் போனையும் சரிசெய்து கொடுத்தார். அதற்குள் ரயிலுக்கு நேரமாகிவிட்டது. ரயிலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

வீட்டுக்குப் போன் செய்ததும் கேட்ட முதல் கேள்வி, “பெரிய கோயில் பாத்தியா?”

பார்க்கவில்லை. தஞ்சாவூர் போய்க் கோயில் பார்க்காமல் திரும்பியவள் நான் ஒருத்திதானா, துணைக்கு யாராவது இருக்கிறீர்களா?