எட்மண்டின் இடது கை

எட்மண்ட் எனக்கு முந்நூற்றைம்பது ரூபாய் தரவேண்டியிருந்தது. பத்திரம் கிடையாது, வட்டி கிடையாது, வெறும் கைமாற்று. அறுபத்தெட்டாம் வருஷத்தில் அந்தப் பணத்துக்கு இரண்டு பவுனுக்கு மேல் வாங்கலாம். நான் அப்படித் தூக்கிக் கொடுக்கிற ஆள் இல்லை. தாம்பரம் மார்க்கெட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனாலும் கொடுத்தேன், ஒரு கிட்டாருக்காக.

என் பெயர் தட்சிணாமூர்த்தி. படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. செங்கல்பட்டு பஸ் நிலையத்தில் ஒரு டீக்கடையில் கிளாஸ் கழுவ ஆரம்பித்தவன், முப்பது வயதில் மேற்குத் தாம்பரத்தில் சொந்த ஓட்டல் வைத்தேன். பிறகு ராஜகீழ்ப்பாக்கத்தில் மனை வாங்கி மூன்று போர்ஷன் வைத்து வீடு கட்டினேன். இன்ஜினியர் யாரும் இல்லை. கொத்தனாரோடு நானே நின்று கயிறு பிடித்தேன். இன்றுவரை அந்தச் சுவரில் ஒரு விரிசல் கிடையாது, வந்து பார்க்கலாம்.

நடுப் போர்ஷனில் குடி வந்தவர்கள்தான் ஞானஜோதி டீச்சரும் அவர் மகன் எட்மண்டும். டீச்சரின் கணவர் காலமாகிவிட்டிருந்தார். எட்மண்டுக்குக் குரோம்பேட்டையில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட் வேலை. ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்தவக் கோயிலில் யாரிடமோ இரவல் வாங்கிய கிட்டாரை வாசிப்பான். ஒரு நாள் மூச்சிரைக்க ஓட்டலுக்கு ஓடி வந்தான்.

"அண்ணா, பல்லாவரத்துல ஒரு ஆங்கிலோ இந்தியன் ஃபேமிலி ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்புது. அவங்க கிட்டாரை முந்நூத்தம்பதுக்குத் தராங்க. நாளைக்குப் போனா கிடைக்காது."

"சம்பளம் எவ்ளோடா உனக்கு?"

"நூத்தறுபது."

"அப்ப உனக்கு எதுக்குடா கிட்டாரு? ஒரு டோலக்கு வாங்கித் தட்டு."

அவன் சிரிக்கவில்லை, நகரவும் இல்லை. டீ மாஸ்டருக்கு இடைஞ்சலாக அப்படியே நின்றான். கல்லாவைத் திறந்து கொடுத்துவிட்டேன். என் வாழ்க்கையில் கணக்குப் பார்க்காமல் கொடுத்த பணம் அது ஒன்றுதான்.

வாசிப்பைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆனால் சாயங்காலம் அவன் கம்பியைத் தொட்டால் என் மனைவி பொன்னியம்மாள் அடுப்பை அணைத்துவிட்டுச் சுவரோரம் வந்து நிற்பாள். அதைவிடப் பெரிய சர்டிபிகேட் வேண்டுமா?

அடுத்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் எட்மண்டின் சபையில் ஓர் இசைக் கூட்டம் வைத்தார்கள். அவன் தனியாக வாசிக்கும் கூட்டம். தை மாதம் அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் பெயர் கிருபா. அவள் வீட்டுச் சொந்தமெல்லாம் வந்து கேட்கப்போகிறார்கள் என்று டீச்சருக்குக் கால் தரையில் பாவவில்லை. எங்களையும் குடும்பத்தோடு வரச் சொன்னார்.

அன்று காலை எட்மண்ட் ஓட்டலுக்கு வந்தான். முகம் வாடியிருந்தது.

"மானேஜர் திட்டுறாரு அண்ணா. மெஷின்ல இடது கைப் பக்கத்து எழுத்தெல்லாம் பேப்பர்ல மங்கலா விழுதாம். நான் எப்பவும் போலத்தான் தட்டறேன்."

பேசிக்கொண்டே டீ கிளாஸை இடது கையால் எடுத்தான். அப்போதுதான் கொதிக்கக் கொதிக்க ஊற்றிய டீ. மற்றவர்கள் விளிம்பை இரண்டு விரலால் பிடித்து ஊதிக்கொண்டிருக்க, அவன் மட்டும் கடைசி இரண்டு விரலையும் கிளாஸோடு ஒட்ட வைத்துப் பிடித்தபடி மானேஜர் கதையைச் சொல்லிக்கொண்டே இருந்தான். கிளாஸைக் கீழே வைத்தபோது சுண்டுவிரலும் பக்கத்து விரலும் சிவந்து கன்றியிருந்தன. அவன் அவற்றைப் பார்க்கவே இல்லை.

செங்கல்பட்டில் நான் கிளாஸ் கழுவிய கடைக்குப் பக்கத்து ஆஸ்பத்திரி நோயாளிகள் வருவார்கள். பெருவியாதிக்காரர்கள். அவர்களுக்கென்று அலுமினிய டம்ளர்கள் தனியாக ஆணியில் தொங்கும். சூடு தெரியாமல் டம்ளரைப் பிடிக்கிற அந்தப் பிடியை நான் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன்.

ஒருவேளை வேறு ஏதாவது இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, சாயங்காலம் பொன்னியம்மாளையும் என் சிநேகிதன் சிட்டிபாபுவையும் கூட்டிக்கொண்டு போனேன். சிட்டிபாபு லாரி புரோக்கர். வாய் நிற்காது.

வானம் கறுத்துக் கிடந்தது. காற்றே இல்லை. கோயிலுக்குள் வோல்டேஜ் இறங்கி, பல்புகள் அணையப்போகிற கரிபோல எரிந்தன. பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம்.

"மச்சான், செருப்ப வெளிய வுட்டுட்டு வந்துக்கிறேன். திரும்பி வரச்சொல்ல இருக்குமா?" என்றான் சிட்டிபாபு.

"உன் செருப்ப எவன்டா எடுப்பான்? பேசாம உக்காரு."

"முட்ஞ்சதும் சுண்டல் கிண்டல் ஏதாவது உண்டா?"

நடைபாதைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பொன்னியம்மாள் எட்டிப் பார்த்தாள். "அண்ணா, சும்மா கம்முனு குந்துங்க. இது சாமி வூடு, உங்க லாரி ஷெட்டு இல்ல."

எட்மண்ட் வெள்ளைச் சட்டையில் வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். முதல் பாட்டு, இரண்டாம் பாட்டு. பக்கத்தில் இருந்த பெரியவர்கள் கண்ணை மூடித் தலையாட்டினார்கள். நான் மட்டும் அவன் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுண்டுவிரல் மற்ற விரல்களோடு சேராமல் கொஞ்சம் மடங்கியே இருந்தது.

நடுவில் ஒரு கீர்த்தனை. வேகம் ஏறிக்கொண்டு போனது. சுளீரென்று ஒரு சத்தம். ஒரு கம்பி அறுந்து சாட்டைபோலச் சுழன்று அவன் இடது கையில் அடித்தது. முன் வரிசைக் குழந்தை ஒன்று வீலென்று கத்தியது. சுண்டுவிரலின் அடியிலிருந்து ரத்தம் வழிந்து கிட்டாரின் கழுத்தில் இறங்கி, சட்டைக் கையை நனைத்தது.

எட்மண்ட் நிறுத்தவில்லை. முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. மிச்சக் கம்பிகளில் அந்தக் கீர்த்தனையை முழுசாக முடித்துவிட்டுத்தான் எழுந்தான். எல்லோரும் தன் கையைப் பார்ப்பதைப் பார்த்த பிறகு அவனும் குனிந்து பார்த்தான்.

சபைப் போதகரான ஐயர் ஓடி வந்து அந்தக் கையைத் தூக்கிப் பிடித்தார். "வலிச்சுதா தம்பி?"

"இல்லை ஐயரே. ஒண்ணுமே தெரியலை."

"கேட்டீர்களா ஜனங்களே! தேவனைத் துதிக்கிற பிள்ளைக்கு வலியே தெரியவில்லை!"

கோயில் முழுக்க "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று எழுந்தது. கிழவிகள் அழுதார்கள். கிருபா வெட்கத்தை விட்டு எழுந்து வந்து தன் கைக்குட்டையைக் கிழித்துக் கட்டுப் போட்டாள். சிட்டிபாபுகூடக் கை கூப்பிவிட்டான். "மச்சான், சும்மா சொல்லக் கூடாது. உன் கடனாளி பெரிய பக்தன்பா," என்றான்.

பயந்தவன் அந்தக் கூட்டத்தில் நான் ஒருவன்தான் என்று நினைத்தேன். அப்போது ஞானஜோதி டீச்சர் கண்ணில் பட்டார். அவர் மகனையும் பார்க்கவில்லை, ஐயரையும் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்தபோது மழை பிடித்துக்கொண்டது.

சபைக்காரர்கள் 'சாட்சி' என்று சொல்கிற அந்த அற்புதக் கதை ஊர் ஊராகப் பரவியது. பல்லாவரத்தில் கூப்பிட்டார்கள், வண்டலூரில் கூப்பிட்டார்கள். ரத்தக் கறை படிந்த கிட்டாரோடு அவன் போய் வாசிப்பான். வலி தெரியாமல் போன கதையை ஐயர் சொல்வார். ஜனம் அழும். ஆனால் அந்தக் காயம் ஆறவில்லை. கட்டின்மேல் கட்டுப் போட்டுக்கொண்டே வாசித்தான். பின்பக்கச் சுவருக்கு மேலாக ஒரு நாள் அவன் குளிப்பதைப் பார்த்தேன். முழங்கைக்கு மேலே, மாவு தடவியதுபோல வெளுத்த ஒரு திட்டு.

பொன்னியம்மாளிடம் சொன்னேன். அவள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"உங்களுக்கு இன்னாத்துக்கு இது? நீங்க வூட்டுக்காரரா, வைத்தியரா? கல்யாணத்துல மண்ணப் போட்டான்னு ஊரே நம்ம மூஞ்சில காறித் துப்பும்."

"சொல்லலன்னா கை போய்டும்டி."

அவள் முறத்தை மறுபடி எடுத்துப் புடைக்க ஆரம்பித்தாள். பிறகு, "அந்தப் புள்ள வாசிக்கிற கையி," என்று மட்டும் சொன்னாள்.

பள்ளிக்கூடம் விடுமுறையாயிருந்த ஒரு காலையில் டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டினேன். மேஜைமேல் கல்யாணப் பத்திரிகைக் கட்டு இருந்தது. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "டீச்சரம்மா, தம்பி கையை ஒரு டாக்டர்கிட்ட..." என்றேன்.

"எனக்குத் தெரியும் தட்சிணாமூர்த்தி," என்றார் அவர். குரல் தணிந்திருந்தது. "உங்களுக்கு முன்னாடியே தெரியும். சோறு வடிக்கிறப்போ கஞ்சி அவன் கையில கொட்டிச்சு. திரும்பிக்கூடப் பார்க்கலை."

என்னை யாரும் அப்படி நிறுத்தியது கிடையாது.

"தெரிஞ்சுமா அந்தச் சாட்சியை..."

"ஐயர் சொன்னார், ஜனம் நம்பிச்சு. நான் வேண்டாம்னு எழுந்து நின்னா என்னத்தைச் சொல்ல? தை மாசம் வரைக்கும் பொறுத்துக்கங்க. கல்யாணம் முடியட்டும். மறுநாளே நானே கூட்டிட்டுப் போறேன். உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

"அந்தப் பொண்ணுக்கு என்ன சொல்லுவீங்க?"

டீச்சர் பத்திரிகைக் கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

உள் அறைத் திரை விலகியது. எட்மண்ட் நின்றான். வேலைக்குப் போயிருப்பான் என்று நினைத்திருந்தோம். எவ்வளவு நேரம் நின்றான் என்று தெரியாது.

"அண்ணா," என்றான், "என்னன்னு நேராச் சொல்லுங்க."

"கண்ணை மூடு," என்றேன்.

மூடினான். மேஜைமேலிருந்த குண்டூசியை எடுத்துக் கட்டைவிரலில் மெல்லக் குத்தினேன். கையை உதறினான். சுண்டுவிரலில் குத்தினேன்.

"குத்துங்கண்ணா," என்றான், கண்ணை மூடியபடியே. "ஏன் நிறுத்திட்டீங்க?"

டீச்சர் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டார். எட்மண்ட் கண்ணைத் திறந்து விரலில் நின்ற ஊசியைப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. பிறகு பத்திரிகைக் கட்டை எடுத்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டினான்.

மறுநாள் நானே ஓட்டலைச் சாத்திவிட்டு அவனைச் செங்கல்பட்டு பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர், தொழுநோய்தான், மாத்திரையில் குணமாகும், தொட்டாலெல்லாம் ஒட்டாது, ஆனால் செத்துப்போன உணர்ச்சி திரும்பாது என்றார். இன்னும் ஆறு மாதம் விட்டிருந்தால் கையையே எடுக்கவேண்டி வந்திருக்கும் என்றும் சொன்னார். நான் கூட்டிக்கொண்டு போகாவிட்டால் யார் கூட்டிக்கொண்டு போயிருப்பார்கள்?

கிருபா வீட்டுக்கு எட்மண்ட் தானே போய்ச் சொன்னான். அவள் அப்பா மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டாராம். அவன் குடித்த காபி டம்ளரை மட்டும் கொல்லையில் வீசிய சத்தம் தெருவுக்கு வந்த பிறகு கேட்டதாம். அவளைப் பெங்களூரில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். கம்பெனியில் இனி வரவேண்டாம் என்றார்கள். சாட்சி சொல்லக் கூப்பிட்ட சபைகள் கூப்பிடுவதை நிறுத்தின. என் வீட்டு முதல் போர்ஷன்காரர் வந்து, அவர்களைக் காலி பண்ணச் சொல்லுங்கள், இல்லையென்றால் நாங்கள் போகிறோம் என்றார். "தாராளமாப் போங்க சார், லாரி வேணும்னா சிட்டிபாபுகிட்டச் சொல்றேன்," என்றேன். என் வீட்டில் யார் இருக்கவேண்டும் என்று இன்னொருவன் சொல்ல நான் விட்டதில்லை.

ஆனால் தெருக்குழாயில் டீச்சர் குடம் வைத்தால் பெண்கள் தங்கள் குடத்தை எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு நாள் காலையில் நடுப் போர்ஷன் பூட்டிக் கிடந்தது. வாடகைப் பாக்கி இல்லை. சாவி பொன்னியம்மாளின் துளசி மாடத்தில் இருந்தது. எங்கே போனார்கள் என்று தெரியவில்லை. கிட்டார் கடனை நான் மனதில் தலைமுழுகிவிட்டேன்.

எமர்ஜென்சி காலத்தில் ஒரு மத்தியானம். ஓட்டலில் நல்ல கூட்டம். வாசலில் நிழல் விழுந்தது. தோளில் கிட்டார் பையோடு எட்மண்ட். காது ஓரம் நரைத்திருந்தது. இடது கையில் இரண்டு விரல்கள் உள்ளே மடங்கி நின்றுவிட்டிருந்தன. மற்றவை நேராக இருந்தன.

சிட்டிபாபுதான் முதலில் பார்த்தான். "அட எட்மண்டு! இன்னாபா, வெளியூர் போயிட்டு வரச்சொல்ல கிட்டாரயும் தூக்கிகினு வந்துக்கிற? இன்னும் வாசிக்கிறியா?"

"வாசிக்கிறேன் அண்ணா. மடியில படுக்க வெச்சு, கம்பிமேல ஒரு இரும்புத் துண்டை இழுத்து வாசிக்கிறது. அதுக்கு ரெண்டு விரல் போதும். கல்யாண வீட்டுல கூப்பிடறாங்க." அம்மா போன வருஷம் தவறிவிட்டார் என்றும், ஆஸ்பத்திரியில் முழுக் குணம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள் என்றும் சொன்னான்.

மூலை மேஜையில் ஒருவர் அவன் விரல்களைப் பார்த்துவிட்டுப் பாதி இட்லியோடு எழுந்தார். பின்னாலேயே இன்னொருவர். சர்வர் என் முகத்தைப் பார்த்தான். ஒரு ஓட்டல் காலியாவதற்கு ஒரு நிமிஷம் போதும் என்று எனக்குத் தெரியும்.

எட்மண்டுக்கும் அது தெரிந்தது. சட்டைப்பையிலிருந்து ரூபாய்க் கட்டை எடுத்துக் கல்லா மேஜையின் கல் பலகையில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றான்.

"கிட்டார் பணம் அண்ணா. எண்ணிக்கங்க. நான் கிளம்பறேன்."

"ஏன் அங்க போய் நிக்கற?"

"எல்லா இடத்துலயும் இப்படித்தான் குடுக்கறது. பழகிடுச்சு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் கல்லுக்காடா கடன் குடுத்தேன்? எடுடா அத!" என்று கத்தினேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். எழுந்து வெளியே வந்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி அவன் முன்னால் உள்ளங்கையை நீட்டினேன். "எண்ணிக் குடு."

அவன் என் கையைப் பார்த்தான். கட்டை எடுத்தான். அத்தனையும் பத்து ரூபாய் நோட்டுகள். இடது கையில் பிடித்த கட்டிலிருந்து ஒரு நோட்டு கூடப் போனாலும் மடங்கிய விரல்களுக்குத் தெரியாது. அதனால் ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்துப் பிரித்து, என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினான். பத்து. இருபது. முப்பது. நூறு தாண்டியது. வெளியே போகப் பார்த்தவர் ஒருவர் வாசலிலேயே நின்றுவிட்டார். இருநூறில் ஒரு நோட்டு நழுவப் பார்த்தது. நான் மற்ற கையால் பிடிக்கவில்லை. அவனே பிடித்தான்.

"முந்நூத்தி நாப்பது," என்றான். கடைசி நோட்டைத் திருப்பிப் பார்த்து, என் கையில் வைத்தான். "முந்நூத்தம்பது."