டைல்ஸ் தரையில் போட்ட புள்ளிகள்

மருத்துவ உபகரணங்களுக்குப் பரிசு கொடுக்கும் நடுவர் வேலை, பந்தியில் பரிமாறுகிற வேலை மாதிரி. எல்லோர் கண்ணும் நம் கையில்தான் இருக்கும். பாடசாலைப் பேச்சுப்போட்டிக்காவது புள்ளி போட்டுப் பெற்றோரின் முறைப்பை வாங்கிக் கட்டியிருந்தால், நீங்களும் என் கட்சி. வார்டில் தாதியாக இருந்து ஓய்வுபெற்றும், ஊருக்கு இன்னும் 'மிஸ்ஸி'யாகவே இருக்கிற என்னை, யாழ்ப்பாணத்துச் சங்கம் ஒன்று நடுவராகக் கூப்பிட்டது. அந்த முதல் வருடத்தை நினைத்தால் இன்னும் இனிக்கிறது, கொஞ்சம் சுடவும் செய்கிறது.

ஒப்படைக்கும் நாள்

படைப்புகளை மூன்று நாள் முன்னதாக வாங்கிப் பூட்டிவைப்பது விதி. வல்வெட்டித்துறையில் வள்ளம் திருத்தும் சிவராசா அண்ணை, பிடித்து நடக்கும் வோக்கர் ஒன்றைக் கொண்டுவந்தார். நான்கு கால்களுக்கும் அடியில் பைபர்கிளாசில் செய்த அகலமான பாதங்கள். பக்கவாதம் வந்த மனைவி மணல் முற்றத்தில் நடப்பதற்காகச் செய்ததாம். முதலிடம் பெறுவதைப் பலதாகச் செய்து வீடுகளுக்குக் கொடுப்பதாகச் சங்கம் அறிவித்திருந்தது. மூன்று நாளும் மனைவி எப்படி நடப்பார் என்று கேட்டேன்.

"கதிரையிலை இருப்பா மிஸ்ஸி. இது வெண்டால் எங்கடை கரையிலை எல்லாருக்கும் கிடைக்குமெண்டு அவதான் தந்துவிட்டவ."

வாய் திறக்கக் கூடாது

போட்டியன்று இன்னொரு விதி: செய்தவர் பேசாமல் நிற்க, நடுவர் தானாகவே அதைப் பாவித்துப் பார்க்க வேண்டும். நோயாளியின் வீட்டில் செய்தவர் வந்து நின்று விளக்கம் சொல்லப் போவதில்லையே! ஆனால் நம் ஆட்களை வாய் மூடி நிற்கச் சொல்வது லேசான காரியமா? கரவெட்டி ஆசிரியர் ஒருவரின் மாத்திரைப் பெட்டியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நான் திறக்கப் போராடினேன். அவருடைய கழுத்து மெல்ல மெல்லச் சாய்ந்து தோளில் முட்டியது. நானும் பெட்டியைத் திருப்பினேன், திறந்தது. மற்ற நடுவர் கொழும்பிலிருந்து வந்த எஞ்சினியர், விதியென்றால் விதி என்பவர். அவர் ஆசிரியரை முறைத்தார்.

"நான் ஒண்டும் கதைக்கேல்லை சேர், எனக்குப் பிடரி உளைவு."

வலைப் படுக்கை

குருநகர் சகோதரர்கள் இருவர், நோயாளியைத் தூக்க மீன்வலை நூலில் பின்னிய படுக்கை ஒன்றோடு வந்தார்கள். பாரம் தாங்குமா என்று பார்க்க எஞ்சினியரே ஏறிப் படுத்தார். தூக்கியதும் இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடித்தபடி விறைத்துப்போய்க் கிடந்தார். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அந்தச் சிரிப்பெல்லாம் இப்போது எங்கே கிடைக்கிறது? சகோதரர்களில் இளையவர் குனிந்து அவருக்குத் தைரியம் சொன்னார்.

"பயப்பிடாதேங்கோ சேர், உதிலை சுறாவே துள்ளாமல் கிடந்தது."

சறுக்கல்

அடுத்து சிவராசா அண்ணை. மண்டபம் முழுக்கப் புது டைல்ஸ். எஞ்சினியர் வோக்கரைப் பிடித்து இரண்டு அடி வைத்தார். அகலப் பாதங்கள் சறுக்கின. பாதுகாப்புக்குப் பத்துக்கு இரண்டு. மணலுக்குச் செய்தது என்று அண்ணை ஒரு சொல் சொல்லியிருக்கலாம். விதியை மதித்து வாயை இறுக்கிக்கொண்டு நின்றார். விஷயம் தெரிந்த நானோ, புது நடுவர் என்ற பயத்தில் பேசாமல் இருந்துவிட்டேன். பிழை என்னுடையது, இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. பரிசு மாத்திரைப் பெட்டிக்குப் போனது. அண்ணை வோக்கரைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"மனிசிக்கு என்ன சொல்லுறது எண்டுதான் யோசிக்கிறன் மிஸ்ஸி."

முற்றம்

மறுநாள் காலை எஞ்சினியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மனிதர் கோபப்படவில்லை, ஆஸ்பத்திரி வோக்கர் ஒன்றைக் காரில் ஏற்றிக்கொண்டு என்னோடு வல்வெட்டித்துறைக்கு வந்தார். அண்ணை வீட்டு முற்றத்தில் அதைப் பிடித்து நாலு அடி வைப்பதற்குள் கால்கள் மணலில் புதைந்து, குப்புற விழப் பார்த்தார். அண்ணையின் மனைவி மகேஸ் அக்கா தன் வோக்கரோடு அவரைத் தாண்டிக் கிணற்றடி வரை போய்த் திரும்பி வந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எஞ்சினியர் புள்ளித்தாளை எடுத்துவைத்துக்கொண்டு, கொடுத்து முடிந்த பரிசை எப்படித் திருத்துவது என்று தடுமாறினார். மகேஸ் அக்காதான் வழி சொன்னார்.

"குடுத்த பரிசு குடுத்ததாய் இருக்கட்டும் சேர். வாற வருசம் போட்டியை இந்த முத்தத்திலை வையுங்கோ."

அடுத்த வருடம் அங்கேயே வைத்து, பிறகும் சில வருடங்கள் மணலில் நடந்து நடந்து புள்ளி போட்ட எங்களை, இப்போது வீட்டிலிருந்தே வீடியோவில் பார்த்துப் போடச் சொல்கிறார்கள். வீடியோவில் எந்த வோக்கரும் புதைவதில்லை.