காற்று இல்லாத மைதானம்

ரக்பி ஆட்டத்தில் ஃபுல்பேக் எல்லோருக்கும் பின்னால் தனியாக நிற்பவர். எதிரணி உயரத் தூக்கி உதைக்கும் பந்தை அவர் பிடித்தாக வேண்டும். அவரைத் தாண்டினால் தடுக்க ஆளில்லை. கல்லூரியில் உடற்கல்வி ஆசிரியையான நான், எங்கள் மாவட்ட அணியின் ஃபுல்பேக்கை மாநிலத் தேர்வுக்குப் பரிந்துரைக்க வேண்டியிருந்தது. மாநில அணியில் ஆடினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்கு விண்ணப்பிக்கலாம். அதை நம்பித்தான் அவள் சுருளிப்பட்டித் திராட்சைத் தோட்ட வேலைக்கு நடுவே ஆட வந்தாள்.

அது ஆடி மாதம். மேற்கு மலையிலிருந்து இறங்கும் காற்றில் கம்பம் மைதானமே மெல்ல நகர்வதுபோல் இருக்கும். உதைத்த பந்து மேகத்தின் வெண்மையில் கரைந்துபோய், பிறகு மனம் மாறியதுபோல் கிழக்கே சாய்ந்து இறங்கும். அது சாயும் முன்பே அவள் அங்கே நின்றிருப்பாள். நிற்குமிடம், கை, பந்துக்கு அடியில் உடம்பைத் திருப்பும் விதம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இடது கால் உதைக்கு இன்னும் வலு வேண்டும். பிடிப்பதில் குறை தெரியவில்லை.

“எங்கே விழும்னு எப்படிக் கண்டுபிடிக்கிறே?”

“நான் எங்க கண்டேன் மேடம்? காலு தன்னால போயிருது.”

அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. மேற்கொண்டு யோசிக்கவில்லை.

சென்னையில் தேர்வு நடந்த காலையில் ஓர் இலைகூட அசையவில்லை. முதல் பந்து மேலே போனது. அவள் இரண்டடி கிழக்கே நகர்ந்தாள். முன்பு நின்ற இடத்திலேயே பந்து விழுந்தது. அடுத்ததும் அப்படியே.

எங்கள் அணியின் இன்னொருத்தி கோட்டுக்கு வெளியிலிருந்து கத்தினாள்: “ஏடி, காத்த ஊர்லயே விட்டுட்டு வந்துட்டியா?”

“பஸ்ல ஏத்தலடி. கண்டக்டர் டிக்கெட் கேட்டாக!”

சிரித்தபடி பழைய இடத்துக்கே திரும்பி வந்து நின்றாள். இத்தனை நாள் நான் மதிப்பிட்டது அவளையும் காற்றையும் சேர்த்துத்தான் என்பது அப்போதுதான் புரிந்தது.

மூன்றாவது பந்துக்கு அவள் நகரவில்லை. கால் துடிப்பது எனக்கே தெரிந்தது. தண்ணீருக்குள் அமிழ்வதுபோல் மெதுவாக வந்த பந்து அவள் நெஞ்சில் தங்கியது. பிறகு வந்தவற்றையும் பிடித்தாள். ஆனாலும் மாற்று ஆட்டக்காரியாகத்தான் எடுத்தார்கள். களத்தில் இறக்குவார்களா என்பது பயிற்சி முகாமில்தான் முடிவாகும்.

ஊர் திரும்பியதும் கேட்டாள்: “மேடம், விடியக்காலம் வாரீகளா? அப்ப காத்து எந்திரிச்சிருக்காது.”

போனேன். மலை இன்னும் மேகத்துக்குள் இருந்தது. நான் உதைத்த பந்து அவள் தலைக்கு மேலே போய், அங்கேயே வெகுநேரம் யோசித்து நின்று, நேராக இறங்கியது. அவள் கால் அசையவே இல்லை.