மயிலிட்டிப் பேச்சில் ஒரு பொய்

கையால் சுற்றிப் பிரதியெடுக்கும் ரோணியோத் தாளின் மண்ணெண்ணெய் வாடை விரல்களில் ஒட்டினால் இரண்டு நாளைக்குப் போகாது. போர்க்காலத்தில், யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன்காரர் கட்டிய எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆங்கில இலக்கியம் படிப்பித்த ரீச்சர், புத்தகம் கிடைக்காததால் ஓர் அமெரிக்கச் சிறுகதையை அப்படித்தான் பிரதியெடுத்துத் தந்தார். வெள்ளத்தில் கணவனைப் பறிகொடுத்த அமெரிக்கத் தென்பகுதி விவசாயப் பெண்ணொருத்தி, இலக்கணம் பாராமல், தன் ஊர்ப்பேச்சிலேயே ‘நான்’ என்று சொல்லிப்போகும் கதை அது. “ஆர் சொல்லுகினம் எண்டதை மாத்தினால் கதையே மாறிப்போகும்” என்றவர், வேறொருவராக நின்று, எங்கள் ஊர்ப்பேச்சில் ஒரு கதை எழுதிவரச் சொன்னார்.

கொழும்புத்துறையில் சொந்த வீட்டில் வளர்ந்த எனக்கு எழுத ஒன்றுமிருக்கவில்லை. வகுப்பில் என்னோடு ஒரே ‘வாங்கில்’ பக்கத்தில் இருந்த பவானிக்கு இருந்தது. வடகரை மீன்பிடி ஊரான மயிலிட்டியிலிருந்து இடம்பெயர்ந்து முகாமில் இருந்தது அவள் குடும்பம். “வலையை எடுத்துக்கொண்டு வாறன்” என்று ஊருக்குத் திரும்பிப்போன தகப்பன் வரவேயில்லை. அங்கே இராணுவம் இருந்ததால் தேடிப்போகவும் வழியில்லை. சாப்பாட்டு இடைவேளைகளில் எனக்கு மட்டும் அவள் சொன்னவற்றை, முற்றத்துக் ‘கறுத்தக்கொழும்பான்’ மாமரத்தையும் அவள் தாய் கோபத்தில் சொல்லும் சொற்களையும் விடாமல், நான் பவானியாக நின்று எழுதினேன். முடிவு ஒன்று வேண்டியிருந்தது. தகப்பனுக்குப் பின்னால் ஒளித்துப்போன மகள், கிணற்றடியில் அவர் செத்துக்கிடப்பதைக் கண்டும் தாயிடம் மறைக்கிறாள் என்று முடித்தேன்.

பவானியிடம் ஒரு சொல் கேட்கவில்லை. பெயர்களை மட்டும் மாற்றியிருந்தேன். ரீச்சர் மெச்சினார், கதை பள்ளி மலரில் வந்தது, முகாமில் யாரோ அதைப் பவானியின் தாய்க்கு வாசித்துக் காட்டிவிட்டார்கள்.

பவானி பள்ளிக்கு வராமல் நின்ற மூன்றாம் நாள் நான் முகாமுக்குப் போனேன். அவள் தாயின் நெற்றியில் எப்போதும் இருக்கும் பெரிய குங்குமப் பொட்டைக் காணவில்லை.

“அன்ரி, பவானி ஒண்டையும் காணேல்லை. அந்த முடிவு நானா இட்டுக்கட்டினது.”

“நீ எங்கடை ஊருக்கு வந்தனியோ பிள்ளை?”

“இல்லை.”

“அப்ப எங்கடை மாமரமும், என்ரை வாயிலை வாற பேச்சும் உன்ரை தாளிலை எப்பிடி வந்தது? இவள் சொல்லித்தானே? மற்றதையும் இவள்தான் சொல்லியிருப்பாள். எனக்கு மட்டும் ஒளிச்சுப்போட்டாள்.”

“அப்பாவோடை நான் போகேல்லை அம்மா. உங்களோடைதானே நிண்டனான்” என்று பவானி கதறினாள். நான் சத்தியம் செய்தேன். அந்த மனுசி இருவரையும் நம்பவில்லை. காணாமற்போனவர்களைப் பதியும் வரிசைக்குப் போவதை நிறுத்தினார். இறந்தவர்களுக்குக் கிரியை செய்யும் கீரிமலைக்குப் போகமுடியாத காலம் என்பதால் அருகிலிருந்த கடற்கரையிலேயே கணவனுக்கு அந்தியேட்டிக் கிரியை செய்வித்தார்.

முகாம் வாசல்வரை வந்த பவானி, “‘நான்’ எண்டு எழுதேக்கை, ஒருக்கால் என்னட்டைக் கேட்டிருக்கலாமே” என்றாள். அதன்பிறகு அவள் என்னோடு கதைக்கவில்லை. சில மாதங்களில் அந்தக் குடும்பம் வன்னிப் பக்கம் போனது. பிறகு எந்தத் தகவலும் இல்லை.

இராணுவம் பிடித்துவைத்திருந்த காணிகள் விடுபட்டபின், போன மாதந்தான் முதன்முறையாக மயிலிட்டிக்குப் போனேன். பவானி சொல்லக் கேட்டு நான் கதையில் எழுதிய அவள் வீட்டு ‘ஒழுங்கை’, அந்தச் சிறு சந்து, அங்கே இல்லை. வீடுகள் தரைமட்டமாகிப் பற்றைக்காடாகிக் கிடக்கின்றன. துறைமுகத்தடியில் நின்ற ஒருவரிடம் விசாரித்தேன். “அந்த ஒழுங்கையிலை இருந்தவை ஒருத்தரும் திரும்பி வரேல்லை” என்றார்.

பவானியின் தகப்பனுக்கு என்ன நடந்தது என்று இன்றுவரை எவருக்கும் தெரியாது. அவருடைய சாவைப்பற்றி எழுத்தில் இருப்பது ஒன்றே ஒன்று. அதைப் பதினேழு வயதில் நான் எழுதினேன்.